தெரு ஓயும் வரை

1

என் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு முட்டைக்கோவாத் தோட்டம். அதற்கு அப்பால் இன்னொரு கோவாத் தோட்டம். அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று இந்த எட்டு வருடத்தில் நான் போய்ப் பார்க்கவில்லை, கோவாவாகத்தான் இருக்கும். இந்த ஜன்னலால் என்னை எட்டிப் பார்ப்பதற்கு அந்த மரக்கறியைத் தவிர ஒரு சீவனும் இல்லை. ஆனாலும் அதில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். இத்தாவில் இருக்கிறேன்.

நமது ஊர் சாய்ந்தமருதில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே எல்லோருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் பூங்கொத்தோடு வந்து, ஏன் வெளியே வருவதில்லை என்று கேட்டாள். புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், வெளி ஆண்களின் கண்ணில் படக்கூடாது என்று என் மகள் நஸீமா இங்கிலிஷில் சொன்னாள். அந்தப் பெண் என்னைச் சிறையில் இருப்பவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். போகும்போது, ஏதும் வேண்டுமென்றால் சுவரில் தட்டு என்று சைகை காட்டிவிட்டுப் போனாள். நல்ல மனம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

என் புருசன் கணக்காளர் படிப்புப் படிக்க என்று இங்கிலாந்துக்கு வந்தவர். படிப்பு முடியுமுன் கைக்காசு முடிந்தது. கடைசியில் மரக்கறியை டின்னில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதினார். என்னையும் ஆறு வயது நஸீமாவையும் எடுப்பித்து, பள்ளிவாசலும் இல்லாத, நமது ஆட்களும் இல்லாத இந்த நாட்டுப்புறத்தில் குடிவைத்தார். இந்தக் கோடையில் ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நெஞ்சுவலி. தூரத்து நகரத்துப் பள்ளிவாசல்காரர்கள் வந்து அடக்கம் செய்தார்கள். அன்றைக்கே இந்த விரிப்பை எடுத்துத் தொங்கவிட்டேன். எவரும் எனக்குச் சொல்லவில்லை. கை தானாகப் போனது.

ஒரு கிழமை கழித்து, மாமா கல்முனைக்குப் போய் அங்கிருந்து டெலிபோன் எடுத்தார். உம்மாவோடு கூடப்பிறந்தவர். வாப்பா போன பிறகு எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் எல்லாம்.

"மகள், இத்தாவை ஒழுங்கா இருங்க. வெள்ளைக்காரன்ட ஊர்தானே, ஆர் பாக்கப்போற எண்டு நெனச்சிராதீங்க. ஒங்கட உம்மாட பேர் இரிக்கி."

என் உம்மாவின் பேர். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுதாவிட்டால் இந்த அறைக்குள் எனக்கு மூச்சு முட்டும். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே முட்டுகிறது.

2

காய்ச்சல் மழையோடு வந்தது. இங்கே மழை நமது மாரியைப் போல வந்து கொட்டிவிட்டுப் போகாது. நாள் முழுக்க நசநச என்று இருக்கும். முதலில் இருமல், பிறகு நடுக்கம், பிறகு வலது விலாவுக்குக் கீழே ஒரு குத்து. மூச்சை உள்ளே இழுத்தால் அந்த இடத்தில் ஊசி ஏறுகிறது. அந்த இடம் எனக்குப் பழக்கமான இடம். உம்மாவுக்கும் அதே இடம்தான்.

"டாக்குத்தரக் கூப்பிடுவமா உம்மா?" என்று நஸீமா கேட்டாள்.

"பொறு. கறுவாத்தண்ணி குடிச்சாச் சுகமாகிடும்."

நஸீமாவுக்கு இப்போது பதினாலு வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்வாள். ஓதப் பழக்கியதை மறந்துவருகிறாள். தொழு என்றால், 'பிறகு' என்கிறாள். அந்தப் பிறகு எப்போது வரும் என்று தெரியவில்லை. ஆனால் பத்து வயதிலிருந்தே இந்த வீட்டின் வாய் அவள்தான். கரண்டுக்காரன், வாடகைக் கந்தோர், பள்ளிக்கூடம் எல்லோருடனும் டெலிபோனில் கதைப்பது அவள். எனக்கு நேரில் ஆளைப் பார்த்தால் அரைகுறையாகச் சமாளிக்க ஏலும். டெலிபோனில் ஏலாது. யார் என்ன கேட்டாலும் மரியாதைக்கு 'யெஸ்' என்று சொல்லிவிடுவேன். அப்படி ஒருமுறை 'யெஸ்' சொல்லி, வீட்டுக்கு இரண்டு பால்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

சின்னப்பிள்ளை கதைத்தால் கந்தோர்க்காரர்கள் மதிக்கமாட்டார்கள் என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன்னை நான் என்று சொல்லிக் கதைப்பாள். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, என் பேரைச் சொல்லி ஆரம்பிப்பாள். நானும் அவரும் பக்கத்தில் இருந்து சிரிப்போம்.

காய்ச்சல் கூடிய அன்று காலையிலும் அப்படித்தான் செய்தாள். டாக்குத்தர் இருக்கும் கிளினிக் பக்கத்து ஊரில். காலையில் ஒரு பஸ், பின்நேரம் ஒரு பஸ். வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். எனக்குக் காய்ச்சல், எனக்கு இருமல், எனக்கு விலாவில் குத்து என்று எல்லாவற்றையும் மளமளவென்று ஒரே மூச்சில் சொன்னாள். அங்கே டெலிபோன் எடுத்த பெண் ஏதோ சொன்னாள். நஸீமாவின் முகம் விழுந்தது. டெலிபோனை வைத்தாள்.

"என்னவாம்?"

"குரலக் கேட்டா நல்லாத்தான் இருக்காம். மூச்சு வாங்கல்லயாம். குளிசை போட்டுட்டு படுக்கட்டாம். கூடினா பஸ்ஸில வரட்டாம்."

நான் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, இருமல் விலாவில் குத்தி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை பயந்துபோனாள். எதற்குச் சிரித்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இதே கூத்து எங்கள் வீட்டில் முன்பும் ஒருமுறை நடந்தது. அப்போது குரல் உம்மாவுடையது, கைதான் வேறு ஆளுடையது.

3

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு மாரி. வாப்பா மௌத்தாகி உம்மா இத்தாவில் இருந்தா. வீட்டின் உள்ளறைதான் இத்தா அறை. ஜன்னலில் சீலை, கதவில் சீலை, உம்மாவின் உடம்பில் வெள்ளைச் சீலை. எனக்குக் கலியாணமாகி அதே வீட்டில்தான் இருந்தேன். என் புருசன் அந்த வருடம்தான் இங்கிலாந்துக்குப் போயிருந்தார். தங்கச்சி ரபீக்காவுக்கு வயது பதினாறு, கலியாணம் பேசத் தொடங்கியிருந்த நேரம்.

மழையோடு உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி மூன்று மைல், மூன்று கட்டைத் தூரம். இங்கே என் கிளினிக் இருக்கும் தூரத்தை விடக் கிட்ட. பஸ் ஓடும் நல்ல தார் ரோட்டு. ஆனால் நமது பெண்களுக்கு ஆஸ்பத்திரித் தூரத்தைக் கட்டையில் அளக்க முடியாது. பெண் டாக்குத்தர் என்று ஒருவர் அந்தக் காலத்தில் அந்தப் பக்கமே இல்லை. பெண்ணுக்கு நோய் வந்தால், கழுவிய போத்தலை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போவது புருசன். அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று அவர் சொல்லுவார். அவர் சொன்னதற்கு மருந்து கலந்து கொடுப்பார்கள். அதை அவள் குடிப்பாள். என் உம்மா வாழ்நாள் முழுக்க வாப்பாவின் வாயால்தான் நோயைச் சொன்னவ. இப்போது அந்த வாயும் இல்லை.

மாமாதான் அப்போதிக்கரியாரைக் கூட்டிவந்தார். வயதான தமிழர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கல்முனையில் சொந்தமாக டிஸ்பென்சரி வைத்திருந்தவர். கதவுச்சீலைக்கு வெளியே ஒரு கதிரை போட்டோம். சீலைக்கு உள்ளே உம்மாவும் ரபீக்காவும். நான் கதவு நிலையோடு நின்றேன்.

"எத்தினை நாளாக் காய்ச்சல் அம்மா?"

"நாலு... நாளா... இரிக்கும் ஐயா."

"சளி துப்பினா என்ன நிறம்?"

உம்மா சொன்னா. ஒரு சொல்லுக்கும் மற்றச் சொல்லுக்கும் நடுவில் மூச்சு எடுத்துச் சொன்னா.

"சரி. கையை ஒருக்கா வெளிய நீட்டுங்க. நாடி பாக்கணும்."

இத்தாவில் இருக்கும்போது அந்நிய ஆண் கையைப் பிடிப்பதா? உம்மா ரபீக்காவின் முழங்கையைத் தட்டி, கண்ணால் காட்டியதை நான் கண்டேன். அரிசி கழுவிவிட்டு வந்து நின்ற ரபீக்கா ஈரம் காயாத கையைச் சீலைக்கு வெளியே நீட்டினாள். அப்போதிக்கரியார் பிடித்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மெதுவாகக் கீழே விட்டார்.

"போடியார்," என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார், "கை சுகமாத்தான் இருக்கு. கதைக்கிற ஆளுக்குத்தான் காய்ச்சல்."

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போதிக்கரியார் கோபிக்கவில்லை. எழும்பி, சீலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அம்மா, நான் கையைப் பாக்காமலே சொல்றன். உங்களுக்கு நெஞ்சில சளி கட்டிட்டு. என்ட மருந்துக்கு இது அடங்காது. ஊசி போடணும். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எனக்குக் காசும் வேணாம்."

4

மார்க்கம் தடுத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று மாலையே எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெவ்வை வந்து, சீலைக்கு வெளியே நின்று, அக்கா முறைக்கு உம்மாவைத் 'தாத்தா' என்று கூப்பிட்டு, ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "நோய்க்கு மருந்து செய்யப் போறது மார்க்கத்தில கூடும் தாத்தா. உசிரக் காப்பாத்துறது கடமை. நானே நாளைக்கு ஊருக்குச் சொல்றன்."

உம்மா உள்ளே இருந்து பதில் சொன்னா. மூச்சு வாங்க வாங்கச் சொன்னா.

"நீங்க சொல்லுவீங்க லெவ்வை. ஊர் கேக்குமா? பின்தெருவாள் பல்லுக் கழட்டப் போனதுக்கு என்ன பாடுபடுத்தினாங்க?"

அது எல்லோருக்கும் தெரிந்த கதை. பின்தெருவில் ஒருத்தி இத்தாவில் இருக்கும்போது பல்வலி பொறுக்கமுடியாமல் பல்லுக் கழற்றப் போனாள். ஊர் அவளுக்கு 'பல்லுக்குப் போனவ' என்று பேர் வைத்தது. பிறகு அவளுடைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் 'ஆர், பல்லுக்குப் போனவட மகளா?' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள் என்று கேள்வி.

"எனக்கும் ஒரு கொமர் இரிக்கி," என்றா உம்மா. "நான் போய்ட்டு வந்து சுகமா இருப்பன். இந்தப் புள்ளைய நாளைக்கு ஆர் கேட்டு வருவாங்க?"

ரபீக்கா அந்த மூலையில் இருந்து அழுதாள். "எனக்குக் கலியாணம் வேணாம் உம்மா, நீங்க போங்க," என்றாள். அவளுடைய பேச்சை யார் எடுத்தார்கள்?

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் உம்மாவின் நகம் நீலம் பாரித்துவிட்டது. அதைக் கண்டதும் நான் கத்தினேன். மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. மாமா என்றும் பார்க்காமல் ஏசினேன். கடைசியில் உம்மாவே சம்மதித்தா. ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தா: "தெருவில ஆம்பிளைகள் இரிக்கப் போகமாட்டன். தெரு ஓயட்டும், நான் ஏறுறன்."

மாமா வாடகைக் கார் பேசப் போனார். டிரைவர் ஜும்ஆவுக்கு வெளிக்கிட்டு நின்றாராம். "தொழுதுட்டு ஒடனே வாறன்" என்றாராம். சொன்னபடியே வந்தார். காரின் கண்ணாடிகளுக்கெல்லாம் சீலை கட்டினோம். உம்மாவுக்குத் தலையோடு மூடி, நானும் மாமாவின் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்து, முன்கதவு வரை கொண்டுவந்தோம். கேற்றுக்கு வெளியே ஊரே நின்றது.

ஜும்ஆ முடிந்து வந்த ஆண்கள். வீட்டு வாசலில் சீலை கட்டிய கார் நிற்பதைக் கண்டால் யார்தான் பேசாமல் போவார்கள்? மாமா கையெடுத்துக் கும்பிடாத குறை. "போங்க, கொஞ்சம் விலகிப் போங்க, தாத்தாவ ஆஸ்பத்திரிக்கு ஏத்தணும்," என்றார். அதைக் கேட்டதும் போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். "அல்லாஹ்வே, தாத்தாவுக்கு என்ன?" என்று கேட்டார்கள். ஒருவர் துஆ ஓதத் தொடங்கினார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த ஆள் இருப்பதாகச் சொன்னார். கடைக்காரர் சோடாப் போத்தலோடு ஓடிவந்தார். ஒருவரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் உம்மாவின் சுகத்தைக் கேட்டுத்தான் நின்றார்கள். அதனால்தான் தெரு ஓயவில்லை.

உம்மா முன்கதவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, நிலத்தில் இருந்துவிட்டா.

"போய்ட்டாங்களா மகள்?"

"ஒண்டும் பாக்காம வாங்க உம்மா. மூடிக்கொண்டுதானே போறம்."

"போகட்டும். தெரு ஓயட்டும்."

இதுதான் உம்மா கடைசியாகக் கதைத்தது. காரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அது அஸர் தொழுகை வரைக்கும் கேற்றடியில் நின்றது, சீலை கட்டியபடி.

இத்தா முடியுமுன் உம்மா அந்தக் கேற்றைத் தாண்டத்தான் செய்தா. சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். தெருவில் நின்ற அதே ஆண்கள்தான் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். அதைப் பற்றி ஊர் ஒன்றும் கதைக்கவில்லை.

ரபீக்காவுக்கு மறு வருடமே நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது. பெண் கேட்டு வந்தவர்கள், "இவட உம்மா மௌத்தாகிற நேரத்திலயும் கேற்றத் தாண்டாதவ" என்று பெருமையாகச் சொன்னார்களாம். மாமா டெலிபோனில் சொன்ன உம்மாவின் பேர் இதுதான்.

5

இதையெல்லாம் நஸீமாவுக்கு நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன். இருமி இருமி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் தமிழில் பாதிதான் அவளுக்கு விளங்கியிருக்கும். ரபீக்காவின் கை வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாச்சிட கையா?" என்று கேட்டாள்.

"ஓம்."

எழும்பிப் போனாள். டெலிபோனை வயரோடு இழுத்துக்கொண்டு வந்து என் கட்டிலடியில் வைத்தாள். மீண்டும் கிளினிக்கை எடுத்து, முதலில் கதைத்தது நான் இல்லை, தான் மகள் என்று சொன்னாள். அந்தப் பெண் ஏசினாள் போலிருக்கிறது, பிள்ளையின் காது சிவந்தது. பிறகு டெலிபோனை என் வாயருகே பிடித்தாள்.

"நீங்க கதைங்க உம்மா."

"எனக்கு இங்கிலிஷ் வராது."

"என்ன வருதோ கதைங்க."

அந்தப் பெண் என்னவோ கேட்டாள். வழக்கப்படி 'யெஸ்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. மூச்சுத்தான் வந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு இருமல். அந்தப் பக்கத்தில் பேச்சு நின்றது. பிறகு, டாக்குத்தரை இப்போதே அனுப்புகிறேன் என்றாளாம்.

வந்தவர் ஆண் டாக்குத்தர். சப்பாத்தில் தோட்டத்துச் சேறு. அவர் ஏறி வருமுன் நஸீமா ஓடிப்போய், எவரும் சொல்லாமலே, என் அறைக் கதவில் ஒரு மேசைவிரிப்பை ஆணியில் மாட்டிவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு. இத்தாவைப் பற்றி ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லாத பிள்ளை. டாக்குத்தர் அந்த விரிப்புக்கு வெளியே தயங்கி நின்றார். அதை எடு என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். உள்ளே வந்தவரிடம் கையை நீட்டினேன். என் கையைத்தான். பிடித்த உடனேயே அவர் பெரியாஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

6

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதி முடிக்கிறேன். கையில் ஊசி குத்தி, தலைக்கு மேலே போத்தலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். விலாக் குத்துக் குறைந்திருக்கிறது. இங்கும் கட்டிலைச் சுற்றித் திரை உண்டு, இழுத்துவிட்டால் தொட்டில் போல ஆகிவிடும். நான் இழுத்தே வைத்திருக்கிறேன். தாதிமார் வந்து திறக்கிறார்கள், போனதும் இழுக்கிறேன். ரபீக்கா இதை வாசிப்பாள். மாமாவும் வாசிப்பார். நான் இத்தாவில் வெளியே போனதை வேறு யாரும் கதையாகக் கட்டுமுன் நானே எழுதிவிட்டேன். நஸீமாவுக்கும் ஒரு பேர் வைப்பீர்கள் என்றால், ஆஸ்பத்திரிக்குப் போனவட மகள் என்று வையுங்கள். உண்மையான பேர்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் அது கள்ளத்தனம். நான் ஏதோ துணிந்து இறங்கிப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அம்புலன்ஸ் வந்து வீட்டு வாசலில் நின்றது. நாற்காலியில் தூக்கிப் போகவா என்று கேட்டார்கள். வேண்டாம், நடக்கிறேன் என்றேன். தலையோடு மூடிக்கொண்டு, நஸீமாவின் தோளைப் பிடித்து, கேற் வரை வந்தேன். மழை விட்டிருந்தது. தெரு இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு கார் இல்லை, ஒரு மனிதன் இல்லை. ஈரமான ரோட்டும் கோவாத் தோட்டமும்தான். உம்மா கேட்ட தெரு. அவவுக்குக் கிடைக்காத தெரு.

கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அம்புலன்ஸ்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நஸீமா எனக்கு முன்னால் ரோட்டுக்கு ஓடி, அங்கும் இங்கும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒருத்தரும் இல்ல உம்மா. வாங்க. ஆருக்கு நிக்கிறீங்க?"

ஜும்ஆ முடிந்து வாற ஆம்பிளைகள் போகட்டும் என்றுதான் நின்றேன்.